லைட் எரியாவிட்டாலும் மாற்ற வேண்டிய பெல்ட்

சித்தப்பா போன வருடம் ஒரு பழைய இன்னோவா வாங்கினார். 2.5 லிட்டர் டீசல், மீட்டரில் 1,62,000 கிலோமீட்டர். வாங்கிய மறுவாரம் வீட்டுக்கு வந்தபோது, "டைமிங் பெல்ட் எப்போ மாத்தினாங்கன்னு கேட்டீங்களா சித்தப்பா?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் என்னைக் கூட்டிப்போய், சாவியைத் திருகி மீட்டர் போர்டைக் காட்டினார்.

"இதோ பாரு, பெல்ட்டுக்குன்னே ஒரு லைட் கொடுத்திருக்கான். சாவி போட்டா எரியுது, ஸ்டார்ட் பண்ணா அணைஞ்சிடுது. கோளாறு இருந்தா எரியாதா? லைட்டே எரியலை, எதுக்குடா மாத்தணும்?"

நியாயமான கேள்விதான். ஆயில் லைட், பேட்டரி லைட் எல்லாம் அப்படித்தான் வேலை செய்கின்றன. எரிந்தால் பார்க்கிறோம், எரியாவிட்டால் ஓட்டுகிறோம். ஓடிக்கொண்டிருக்கும் பொருளை, எந்தச் சத்தமும் போடாத பொருளை, கழற்றி எறிந்துவிட்டுக் காசு கொடுத்துப் புதிது போடு என்றால் யாருக்கும் மனசு வராது. ஆனால் இந்த ஒரு பெல்ட் விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது. ஏன் என்று புரிய வேண்டுமென்றால், பெல்ட் உள்ளே என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கீழே கிராங்க், மேலே கேம்

இன்ஜினின் ஒரு சிலிண்டரை சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. சிலிண்டரின் உச்சியில் இரண்டு வகைக் கதவுகள். ஒன்று காற்றை உள்ளே விடும், இன்னொன்று புகையை வெளியே விடும். இந்தக் கதவுகளுக்குத்தான் வால்வு என்று பெயர்.

பிஸ்டன் இறங்கும்போது உள்வால்வு திறந்திருக்க வேண்டும், காற்று உள்ளே வரும். பிஸ்டன் ஏறும்போது இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும், அப்போதுதான் காற்று அமுங்கும். அடுத்து எரிபொருள் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். வண்டி ஓடுவது இந்தத் தள்ளலில்தான். மறுபடி பிஸ்டன் ஏறும்போது வெளிவால்வு திறந்து புகை போகும். நாலு அசைவு. பிஸ்டன் இரண்டு முறை இறங்கி, இரண்டு முறை ஏறினால் ஒரு சுற்று முடிந்தது.

பிஸ்டன்களோடு இணைந்து சுற்றுவது கீழே இருக்கும் கிராங்க் என்ற தண்டு. வால்வுகளைத் திறந்து மூடுவது மேலே இருக்கும் கேம். கேம் என்பது முட்டை வடிவ மேடுகள் வைத்த ஒரு நீளத் தண்டு. மேடு வந்து அழுத்தினால் வால்வு திறக்கும், மேடு கடந்துபோனால் ஸ்பிரிங் அதை இழுத்து மூடும். பிஸ்டனின் நாலு அசைவுக்குள் கிராங்க் இரண்டு முறை சுற்றியிருக்கும். ஒவ்வொரு வால்வும் அதற்குள் ஒரே ஒரு முறைதான் திறக்க வேண்டும். ஆகவே கிராங்க் இரண்டு சுற்றுக்கு கேம் ஒரு சுற்று. கேமில் இருக்கும் பல்சக்கரத்துக்கு கிராங்க் பக்கத்துச் சக்கரத்தைப் போல இரண்டு மடங்கு பற்கள் வைத்து இந்தக் கணக்கைச் சரிசெய்துவிடுகிறார்கள். கீழே சுற்றுவதை மேலே கொண்டுபோய்ச் சேர்க்கும் பல் வைத்த ரப்பர் பட்டைதான் டைமிங் பெல்ட்.

ஏன் பல்? மாவு மில்லில் ஓடும் பெல்ட் கொஞ்சம் வழுக்கினாலும் அரவை மெதுவாகுமே தவிர ஒன்றும் கெட்டுப்போகாது. காரிலேயே ஏ.சி.க்கும் டைனமோவுக்கும் வெளியில் ஓடும் பெல்ட் மழை நாளில் வழுக்கி 'கீச்' என்று கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். டைமிங் பெல்ட் அப்படி ஒரு பல் அளவுகூட வழுக்கக் கூடாது. கிராங்க் சக்கரத்தில் 20 பல் இருந்தால், ஒரு பல் தாண்டினாலே கணக்கு 18 டிகிரி தப்பிவிடும். வண்டி இழுக்காது, ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) உதறும், சில இன்ஜினில் ஸ்டார்ட்டே ஆகாது.

தையல் மெஷினைத் தெரிந்தவர்களுக்கு இதைவிட எளிதாகச் சொல்லலாம். ஊசி இறங்கி ஏறும் அந்த நொடியில்தான் கீழே இருக்கும் கொக்கி வந்து நூலைப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் முன்பின் ஆனால் தையல் விட்டுவிட்டு விழும். ரொம்பத் தப்பினால் ஊசி கொக்கியில் போய் முட்டி உடையும். இந்த உவமையை நான் சும்மா எடுக்கவில்லை. பல் வைத்த இந்த பெல்ட் 1940-களில் அமெரிக்காவில் பிறந்ததே தையல் மெஷினுக்காகத்தான், மேலே ஊசியையும் கீழே பாபினையும் ஒரே தாளத்தில் ஓட வைக்க.

காருக்கு அது வர இன்னும் கொஞ்ச காலம் ஆனது. ஜெர்மனியில் பவேரியா பக்கம் டிங்கோல்ஃபிங் என்ற ஊரில், விவசாயக் கருவி செய்து தொடங்கிய கிளாஸ் என்ற கம்பெனி, 1962-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கிளாஸ் 1004 காரில் டைமிங் பெல்ட்டைப் போட்டது. பெரிய அளவில் தயாரித்து விற்ற கார்களில் அதுதான் முதல். (சில வருடங்களில் அந்தக் கம்பெனியை பிஎம்டபிள்யூ வாங்கிவிட்டது. அந்த ஊரில் இன்று இருப்பது பிஎம்டபிள்யூ தொழிற்சாலை.) அதுவரை பெரும்பாலும் பல்சக்கரமோ இரும்புச் செயினோதான். நம் அம்பாஸடரிலும் பத்மினியிலும் இருந்தது செயின். பெல்ட் சத்தம் போடாது, எடை குறைவு, ஆயில் கேட்காது, விலையும் மலிவு. கேமைத் தூக்கி இன்ஜினின் தலையில் வைக்கும் வடிவம் பரவியபோது, அவ்வளவு உயரத்துக்கு நீளச் செயின் ஓட்டுவதைவிட பெல்ட் லேசாக இருந்தது. அதனால் பரவிவிட்டது.

அந்தச் சின்னப் பட்டைக்கு இருக்கும் வேலையைப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில், 2,000 ஆர்.பி.எம்.மில் ஓடும் வண்டி ஒரு கிலோமீட்டர் போக ஒரு நிமிடம். அதற்குள் கிராங்க் 2,000 முறை சுற்றிவிடும். அப்படியே 1,00,000 கிலோமீட்டர் போனால் 20 கோடி சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பெல்ட் வளைகிறது, நிமிர்கிறது, இழுபடுகிறது. அதுவும் இன்ஜின் சூட்டில் வெந்துகொண்டே.

அறுந்தால்

சித்தப்பாவிடம் இந்த இடத்துக்கு வந்தபோது, "அறுந்தா புதுசு போட்டுக்கிட்டா போச்சு. ஃபேன் பெல்ட் அறுந்து எத்தனை தடவை மாத்தியிருக்கேன்" என்றார். பழைய வண்டிகளோடு பழகியவர்களுக்கு இப்படித்தான் தோன்றும். இங்கேதான் பெரிய வித்தியாசம்.

பிஸ்டன் ஏறி நிற்கும் உச்சியும், திறந்த வால்வு இறங்கி நிற்கும் இடமும் பல இன்ஜின்களில் ஒன்றேதான். இரண்டு பேரும் முறை வைத்து ஒரே திண்ணையில் உட்காருகிறார்கள். ஒருவர் எழுந்தால்தான் மற்றவர் வரலாம். டீசல் இன்ஜினில் இந்த நெருக்கடி இன்னும் அதிகம். டீசல் தானாகப் பற்ற வேண்டுமென்றால் காற்றை 16, 17-இல் ஒரு பங்காக அமுக்கியாக வேண்டும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும், வால்வுகள் உட்கார்ந்திருக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி. திறந்த வால்வோ எட்டு, பத்து மில்லிமீட்டர் கீழே தொங்கும். மோதாமல் பார்த்துக்கொள்வது பெல்ட் ஒன்றுதான்.

இப்போது 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பெல்ட் அறுகிறது என்று வையுங்கள். மேலே கேம் நின்றுவிடும். எந்த வால்வு எந்த நிலையில் இருந்ததோ அப்படியே நிற்கும், சில நிச்சயம் திறந்துதான் இருக்கும். கீழே கிராங்க் நிற்காது. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கிறது, சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. 2,000 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 33 சுற்று. "என்னடா இது, பிக்கப் போச்சே" என்று ஓட்டுபவர் நினைப்பதற்குள் பிஸ்டன்கள் திறந்த வால்வுகளைப் பலமுறை முட்டி முடித்திருக்கும். வால்வுகள் வளையும். கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் ராக்கர் உடையும். வால்வு தலை துண்டாகி உள்ளே விழுந்தால் பிஸ்டனும் ஓட்டையாகும். மெக்கானிக் பாஷையில் "ஹெட்டை இறக்கணும் சார்" என்று சொல்லும் நிலைமை. ஹெட்டைக் கழற்றி, லேத்துக்கு அனுப்பி, வால்வு, கைடு, கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போட்டு, வண்டி ஒர்க்‌ஷாப்பில் நாள்கணக்கில் நிற்கும். முன்கூட்டியே பெல்ட் மாற்றும் செலவு அதன் பக்கத்தில்கூட வராது. பழைய வண்டியாக இருந்தால், இன்ஜின் வேலைக்கு ஆகும் காசில் வண்டியின் மதிப்பே பாதி போய்விடும்.

எல்லா இன்ஜினும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலவற்றில் பிஸ்டன் உச்சியில் நின்றாலும் வால்வு முழுக்கத் திறந்தாலும் இரண்டும் தொடாத அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். இலங்கையில் இன்றும் ஓடும் கொரோல்லா 110 கார்களில் இருக்கும் 5ஏ-எஃப்இ பெட்ரோல் இன்ஜின் அந்த வகை. பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், புது பெல்ட் போட்டால் ஓடும். அப்படி ஒருவருக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு, தன் டீசல் வண்டியும் அப்படியே தப்பிக்கும் என்று நம்புகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஓடும்போது அறுந்தால் இன்னொரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நின்றதும் பவர் ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிடும். பிரேக் ஒன்றிரண்டு அழுத்தலுக்குத்தான் வழக்கம்போல் வேலை செய்யும், பிறகு முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். நின்ற பிறகு திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்காதீர்கள். வழக்கமாக செல்ஃப் அடித்தால் இன்ஜின் 'ஹக் ஹக்' என்று திணறித் திணறிச் சுற்றும். பெல்ட் அறுந்த இன்ஜின் தடையே இல்லாமல் 'சுர்ர்ர்' என்று வேகமாகச் சுற்றும். அமுக்கம் இல்லை என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டால் சாவியை எடுத்துவிட்டு டோ வண்டிக்கு போன் செய்வதுதான் வழி. ஒருவேளை வால்வு தப்பித்திருந்தால், நீங்கள் அடிக்கும் செல்ஃபே அதை வளைத்துவிடலாம்.

அந்த லைட்டுக்கு என்ன தெரியும்?

சரி, சித்தப்பாவின் லைட்டுக்கு வருவோம்.

பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசலிலும், டொயோட்டாவின் வேறு சில டீசல் வண்டிகளிலும் 'டி-பெல்ட்' என்று ஒரு லைட் இருக்கிறது. பெல்ட்டின் மேல் சென்சார் எதுவும் கிடையாது. பெல்ட் புதிதா, நைந்துபோனதா, ஆயிலில் ஊறிக் கிடக்கிறதா என்று அந்த லைட்டுக்குத் தெரியவே தெரியாது. அது கிலோமீட்டரை எண்ணுகிறது, அவ்வளவுதான். நாட்டையும் மாடலையும் பொறுத்து 1,00,000 அல்லது 1,50,000 ஆனதும் எரியும். மாற்றிய பிறகு மீட்டர் பக்கத்தில் இருக்கும் பட்டனை வைத்து அணைத்து, எண்ணிக்கையை மறுபடி தொடங்க வேண்டும். பெல்ட் மாற்றாமலும் அணைக்கலாம். யாரும் தடுக்கப்போவதில்லை.

ஆக, 1,62,000 ஓடிய வண்டியில் லைட் எரியவில்லை என்றால் இரண்டு கதை இருக்கலாம். முந்தைய ஓனர் ஒழுங்காக மாற்றிவிட்டு அணைத்திருக்கலாம். விற்கும் நேரத்தில் லைட் எரிந்தால் பேரம் குறையும் என்று யாரோ வெறுமனே அணைத்திருக்கலாம். எது நடந்தது என்பதை பில் சொல்லும், லைட் சொல்லாது. சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. புரோக்கரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

இந்த லைட்கூட இல்லாத வண்டிகள்தான் அதிகம். அப்புறம் எதை வைத்து முடிவு செய்வது? சத்தத்தை வைத்து முடியாது. மேலே சொன்ன 'கீச்' சத்தம் வெளி பெல்ட்டுடையது, அதைக் கேட்டு டைமிங் பெல்ட் என்று பயப்படவும் வேண்டாம், அது கேட்கவில்லை என்று நிம்மதியடையவும் வேண்டாம். கண்ணால் பார்த்தும் முழுசாகச் சொல்ல முடியாது. பழைய காலத்து பெல்ட்டுகளில் முதுகில் வெடிப்பு தெரியும். இப்போது வரும் பெல்ட்டுகளின் ரப்பர் சூட்டைத் தாங்கும் உயர்ரகம், உள்ளே இழுவையைத் தாங்குவது கண்ணாடி இழைக் கயிறு. வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருக்கலாம். கவரைத் திறந்து பார்க்கும்போது பல் உதிர்ந்திருந்தாலோ, ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தாலோ, ஆயில் கசிந்து ஊறியிருந்தாலோ அது கெட்டுப்போனது நிச்சயம். அப்படி எதுவும் தெரியவில்லை என்பதால் நல்லது என்று ஆகாது.

அதனால் கம்பெனி சொன்ன கணக்கு ஒன்றுதான் வழி. கணக்கில் இரண்டு பகுதி உண்டு, கிலோமீட்டரும் வருடமும். இன்ஜினைப் பொறுத்து பெரும்பாலும் 60,000-இலிருந்து 1,50,000 கிலோமீட்டர் வரை வேறுபடும். வருடம் ஐந்திலிருந்து பத்து வரை. எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. உங்கள் வண்டியின் சரியான எண் ஓனர் மேனுவலில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வேறு இன்ஜின் வைத்துக்கொண்டு சொல்லும் எண் உங்களுக்குப் பொருந்தாது.

வருடத்தை நம் ஆட்கள் மறந்தேவிடுகிறார்கள். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு 1,00,000 என்பது ஒன்றிரண்டு வருட ஓட்டம், டிரைவருக்கு அது நினைவில் இருக்கும். வீட்டில் நிற்கும் கார் வருடத்துக்கு 6,000 ஓடினால் பத்து வருடத்தில் 60,000தான் ஆகியிருக்கும். "என் வண்டி ஓடவே இல்லையே" என்பார்கள். ரப்பருக்கு ஓட்டம் மட்டும்தானா முதுமை? சைக்கிள் டயர் மூலையில் கிடந்தே வெடிப்பதில்லையா? மே மாத வெயிலில் மூடிய பானெட்டுக்குள் பத்துக் கோடைகள் வெந்த ரப்பர் அது. நெரிசலில் ஓடும் வண்டிக்கு இன்னொரு விஷயமும் உண்டு. சிக்னலில் நிற்கும்போது கிலோமீட்டர் ஏறாது, ஆனால் பெல்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். தினம் இரண்டு மணி நேரம் ஊர்ந்து போகும் வண்டியாக இருந்தால் நான் கெடுவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே மாற்றிவிடுவேன்.

என் வண்டியில் பெல்ட்டா, செயினா?

மாருதி 800, பழைய ஆல்டோ 800, சான்ட்ரோ ஜிங், டாடா இண்டிகா டீசல், டஸ்டரில் வந்த ரெனோவின் 1.5 டீசல், ஃபோக்ஸ்வேகனின் 1.6 டீசல், இவை எல்லாம் பெல்ட். மாருதியின் கே-சீரிஸ் பெட்ரோல், பழைய ஸ்விஃப்டில் வந்த 1.3 டீசல், ஐ10-இன் 1.2 கப்பா இன்ஜின், இவை செயின். ஒரே பெயரில் ஓடும் வண்டியிலும் மாறும். ஐ10-இலேயே 1.1 பெட்ரோல் இன்ஜினுக்கு பெல்ட். பழைய இன்னோவாவின் 2.5 டீசல் பெல்ட், 2016-இல் வந்த கிரிஸ்டாவின் 2.4 டீசல் செயின். ஆகவே காரின் பெயரை வைத்து முடிவு செய்யாமல் இன்ஜினை வைத்துப் பாருங்கள்.

செயின் என்றால் கவலையே இல்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. செயினுக்கு உயிர் இன்ஜின் ஆயில்தான். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் செயின் தேய்ந்து நீளும், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 'கடகட' என்று சத்தம் வரும். செயினிடம் எனக்குப் பிடித்த குணமே அதுதான், சாவதற்கு முன் புலம்பும்.

ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட் என்று மூன்றாவது ஒரு வகையும் வந்திருக்கிறது. ஈக்கோஸ்போர்ட்டில் வந்த 1.0 லிட்டர் ஈக்கோபூஸ்ட் பெட்ரோல் இன்ஜின் அப்படிப்பட்டது. இதில் தப்பான ஆயில் ஊற்றினால் பெல்ட் கரைந்து துகள் துகளாக உதிரும், உதிர்ந்தது ஆயில் வடிகட்டியை அடைக்கும். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஆயில் கிரேடில் விளையாடக் கூடாது.

கூட மாற்ற வேண்டியவர்கள்

பெல்ட் மட்டும் மாற்றிவிட்டு வருவது அரைகுறை வேலை. பெல்ட்டை விறைப்பாகப் பிடித்து வைக்கும் டென்ஷனர், வழியில் திருப்பிவிடும் ஐட்லர் என்று உருளைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் பேரிங், பேரிங்குக்குள் கிரீஸ். பெல்ட் சுற்றிய அத்தனை கோடி சுற்றும் அவையும் சுற்றியிருக்கின்றன, பெல்ட்டைவிடச் சின்ன உருளை என்பதால் இன்னும் வேகமாக. ஒரு பேரிங் இறுகிப் பிடித்துக்கொண்டால் புது பெல்ட்டாக இருந்தாலும் உரசி உரசி அறுந்துவிடும். நல்ல பெல்ட்டைக் கொன்றது கெட்ட டென்ஷனர் என்ற கதை ஒர்க்‌ஷாப்புகளில் சகஜம்.

டஸ்டரின் 1.5 டீசல் மாதிரி சில இன்ஜின்களில் வாட்டர் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. அப்படியென்றால் பம்பையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. பம்பு ஒழுகத் தொடங்கினால் கூலன்ட் பெல்ட்டின் மேல் வடியும். அதைவிட முக்கியம், அந்தப் பம்பை எட்டிப் பிடிக்க மறுபடி இதே வேலை அத்தனையும் செய்தாக வேண்டும். ஒரே பிரிப்பில் முடிகிற வேலைக்கு இரண்டு கூலி கொடுப்பானேன். கேம், கிராங்க் முனைகளில் இருக்கும் ஆயில் சீல்களும் அப்படித்தான். கசிவு தெரிந்தால் அப்போதே மாற்றச் சொல்லுங்கள், ஆயில் பட்ட ரப்பர் உப்பிப்போகும். மேனுவலில் சில போல்ட்டுகளை ஒருமுறை கழற்றினால் திரும்பப் போடக் கூடாது என்று எழுதியிருப்பார்கள், அதற்கும் புதிது வாங்க வேண்டும். பெல்ட், டென்ஷனர், ஐட்லர் எல்லாம் ஒரே பெட்டியில் கிட்டாகக் கிடைக்கின்றன. கேட்ஸ், கான்டிடெக், டேகோ, ஐஎன்ஏ போன்றவர்கள் செய்கிறார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத பெல்ட் வாங்குவதற்குப் பழைய பெல்ட்டிலேயே ஓட்டலாம் என்பது என் கட்சி.

நாங்கள் சித்தப்பாவின் வண்டியை எங்களுக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். இது வீட்டில் நீங்களே செய்யும் வேலை அல்ல, ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றுவார்கள். வழியில் இருக்கும் வெளி பெல்ட், கவர் எல்லாம் வரும். மாருதி, சான்ட்ரோ மாதிரி இன்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கும் கார்களில் முன்சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கியும் மரக்கட்டையும் வைத்து இன்ஜினைத் தாங்கி, இன்ஜினை வண்டியோடு பிடித்து வைக்கும் மவுன்ட்டை ஒரு பக்கம் அவிழ்க்கவும் வேண்டியிருக்கும். கூலி இந்தப் பிரிப்புக்குத்தான் போகிறது. பெல்ட்டைக் கழற்றி மாட்டுவதற்குச் சில நிமிடம்தான்.

அந்தச் சில நிமிடத்துக்கு முன்னால் வருவது முக்கியமான கட்டம். கிராங்க் சக்கரத்திலும் கேம் சக்கரத்திலும் கம்பெனியே மார்க் வைத்திருக்கும். இன்ஜினை ஸ்பானரால் கையால் சுற்றி, எல்லா மார்க்கும் நேருக்கு நேர் வரும்படி நிறுத்த வேண்டும். சில இன்ஜின்களில் மார்க்கை நம்பாமல் இரும்புப் பின் சொருகியே பூட்டிவிடுவார்கள். பிறகு டென்ஷனரைத் தளர்த்திப் பழையதைக் கழற்றி, மார்க் நகராமல் புதியதை மாட்டி, டென்ஷனரை அதற்குரிய அளவில் வைக்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் பேரிங் போகும், தளர்ந்திருந்தால் பல் தாண்டும். புது பெல்ட்டை மடிக்கவோ, முறுக்கவோ, ஸ்குரூடிரைவரால் நெம்பி ஏற்றவோ கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை, ஒருமுறை மடிந்தால் மடிந்ததுதான். பையில் சுருட்டித் திணித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

மாட்டி முடித்ததும் எங்கள் மெக்கானிக் சாவியைத் தொடவில்லை. ஸ்பானரை கிராங்க் போல்ட்டில் வைத்து மெதுவாக, இரண்டு முழுச் சுற்று சுற்றினார். பிறகு குனிந்து மார்க்கைப் பார்த்தார். "எதுக்குண்ணே ரெண்டு சுத்து?" என்றேன். "கிராங்க் ரெண்டு சுத்தினாத்தான தம்பி கேம் ஒண்ணு சுத்தும். எல்லா வால்வும் ஒரு தடவை திறந்து மூடணும். எங்கயாவது முட்டினா கைக்குத் தெரியும், நிறுத்திடலாம். செல்ஃப் அடிச்சா அதுக்குத் தெரியாது, வளைச்சிட்டுத்தான் நிக்கும்" என்றார். ஒரு மெக்கானிக்கை எடைபோட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இந்த இரண்டு சுற்றைத் தவிர்த்துவிட்டு நேராக ஸ்டார்ட் செய்கிறவரிடம் நான் அடுத்த முறை போக மாட்டேன்.

கழற்றிய பெல்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். முதுகில் அச்சிட்ட எழுத்து பாதி அழிந்திருந்தது. ஒரு ஓரம் முழுக்க நூல் பிரிந்து நின்றது. எந்த வருடத்துப் பெல்ட் என்று சொல்ல முடியவில்லை. சித்தப்பா அதைக் கையில் வைத்து வளைத்து வளைத்துப் பார்த்தார். "இதுவா ரெண்டு மாசமா என்னை ஏத்திக்கிட்டு ராமேஸ்வரம் வரைக்கும் போயிட்டு வந்துச்சு?" என்றார்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்குப் பொதுவாக நான் சொல்வது இதுதான். பெல்ட் மாற்றியதற்கு தேதி, கிலோமீட்டர், பார்ட் பெயர் போட்ட பில் இருந்தால் அதிலிருந்து கணக்கு எடுத்துக்கொள்ளுங்கள். "போன வருஷம்தான் சார் மாத்தினேன்" என்ற வாய்வார்த்தை மட்டும் இருந்தால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவைப் பேரத்திலேயே கழித்துப் பேசுங்கள்.

வண்டியை எடுக்கும்போது மெக்கானிக் ஒரு ஸ்டிக்கரில் தேதியும் 1,66,400 என்று கிலோமீட்டரும் எழுதி பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டினார். சித்தப்பா அத்தோடு விடவில்லை. மீட்டர் முன்னால் அவரை உட்காரவைத்து, லைட்டின் எண்ணிக்கையையும் இன்றிலிருந்து தொடங்கும்படி மாற்றச் சொல்லி, பட்டனை எப்படி அழுத்துகிறார் என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இவ்ளோதானா? இதை நானே பண்ணியிருப்பேனே" என்றார்.

"அதேதான் சித்தப்பா. உங்களுக்கு முன்னாடி வெச்சிருந்தவரும் பண்ணியிருப்பார்" என்றேன்.